மூலதனத்தின் முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம்: வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நூலகங்களின் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சோஷலிசம் என்றால் என்னவென்று படித்துத் தெரிந்துகொள்ள விரும்பி வருகிறவர் கையில் முதலில் எதைக் கொடுப்பது? இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

பல வட்டங்கள் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் பாகத்தை எடுத்து, முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கிவிடுகின்றன. சரக்கு, பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்று வாரங்கள் ஓடும். அதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், தமக்கு இது ஏறாது என்று எண்ணிக்கொண்டு. குறை அவர்களிடம் இல்லை. அந்த அத்தியாயம்தான் மிகக் கடினம் என்று 1867 முன்னுரையில் மார்க்சே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய மனைவி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றும் சொன்னார்: வேலைநாள் பற்றிய பகுதி, கூட்டுழைப்பு, வேலைப் பிரிவினை, இயந்திரங்கள் பற்றியவை, பிறகு ஆதித் திரட்டல், அதாவது முதலாளித்துவத்துக்கு முன்பே மூலதனம் குவிந்த கதை. ஆனால் அந்தப் பகுதிகளுக்குப் போகும் முன்பே கூலி என்றால் என்னவென்று பிடிபட்டிருக்க வேண்டும்.

முதல் அமர்வுக்கு ஐன்ஸ்டைன் 1949 மே மாதம் எழுதிய 'சோஷலிசம் எதற்கு?' கட்டுரை போதும். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் உரக்கப் படித்துவிடலாம். அதன் கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். திட்டமிட்ட பொருளாதாரம் மட்டுமே சோஷலிசம் ஆகிவிடாது, மனிதனை முழுக்க அடிமையாக்கியபடியே அதை நடத்த முடியும், அதிகார வர்க்கத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு உள்ளே வருகிற வாசகர் பின்னால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டார்.

அடுத்தது மார்க்ஸின் 'கூலியுழைப்பும் மூலதனமும்'. 1847இல் பிரஸ்ஸல்ஸில் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரைகளாகத் தொடங்கி, 1849இல் பத்திரிகையில் வந்தது. இதற்கு அவருடைய தோழர் எங்கெல்ஸ் 1891இல் எழுதிய முன்னுரையை முதலிலேயே படிக்க வேண்டும். தொழிலாளி விற்பது உழைப்பை அல்ல, உழைக்கும் சக்தியை என்ற முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. இதைத் தாண்டிப் போனால் உபரி மதிப்பு, அதாவது கூலிக்கு மேல் தொழிலாளி உண்டாக்கும் மதிப்பு, கடைசிவரை புரியாது. பிறகு 1865இல் மார்க்ஸ் பேசிய 'கூலி, விலை, லாபம்'. அதன் முதல் ஐந்து பகுதிகள் வெஸ்டன் என்பவரின் வாதங்களுக்குப் பதில். புதியவர் அங்கே சிக்கிக்கொள்வார். ஆறாம் பகுதியில் தொடங்கிப் பதினான்குவரை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும், இரண்டு அமர்வாவது. மார்க்ஸ் காட்டும் உதாரணத்தில் ஆறு மணி நேர உழைப்பு மூன்று ஷில்லிங், வேலைநாள் பன்னிரண்டு மணி. ஷில்லிங்கை விட்டுவிட்டு நம்மூர் ஷூ கம்பெனியை வைத்துக் கரும்பலகையில் கணக்குப் போடுங்கள். எண்கள் கற்பனையாக இருக்கட்டும். எட்டு மணி நேர ஷிப்ட், நாள் கூலி 480 ரூபாய். ஒரு மணி நேர உழைப்பு 120 ரூபாய் புது மதிப்பைச் சேர்க்கிறது என்றால் மொத்தம் 960. முதல் நான்கு மணி நேரத்தில் கூலி திரும்பிவிட்டது. மீதி நான்கு மணி நேரத்தின் 480 ரூபாய் உபரி. உபரியைக் கூலியால் வகுத்தால் உபரி மதிப்பு வீதம்: நூறு சதவீதம்.

ஏறக்குறைய எல்லாரும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். ஷூ விலையிலிருந்து கூலியை மட்டும் கழித்துவிட்டு, மிச்சமெல்லாம் சுரண்டல் என்று எழுதிவிடுவார்கள். தோல், பசை, மின்சாரம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும். அவை தம் மதிப்பை அப்படியே பொருளுக்கு மாற்றுகின்றன. அவை ஓர் ஆளுக்கு ஒரு நாளில் 2400 ரூபாய் என்று வைத்தால் முதலாளி போட்ட பணம் 2880, லாபம் 480. லாபத்தைப் போட்ட பணத்தால் வகுத்தால் லாப வீதம்: ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 16.7 சதவீதம். லாபம் அவ்வளவுதான் என்று முதலாளி சொல்வதும், பாதி நாள் சம்பளமில்லாமல் உழைக்கிறோம் என்று தொழிலாளி சொல்வதும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. வகுக்கும் எண்தான் வேறு. இதைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வட்டங்கள் 'மூலதன'த்தில் பீஸ் கூலி பற்றிய சின்ன அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு வைக்கும்போது மேற்பார்வைக்கு ஆள் வேண்டியதில்லை, வேலை வீட்டுக்குள் போகிறது, இடையில் ஏஜென்ட் முளைக்கிறார், சுற்றுகிறவரே தன் வேலைநேரத்தை நீட்டிக்கொள்கிறார். இந்தப் பாதையை மார்க்ஸ் பீடியைப் பார்க்காமலே எழுதிவைத்திருக்கிறார். 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை அதோடு வைத்துப் படித்தால், சட்டம் எதைச் சரிசெய்யப் பார்த்தது என்பது விளங்கும். வாணியம்பாடிக்காரர்களுக்கு இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தின் முடிவு: முதலாளித்துவ உற்பத்தி மண்ணையும் தொழிலாளியையும் ஒருசேர அரிக்கிறது என்கிறார். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது நம் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான். மேலே போட்ட கணக்கில் பாலாற்றுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை அப்போது பேசுங்கள்.

மார்க்சும் எங்கெல்சும் எழுதிய 'கம்யூனிஸ்ட் அறிக்கை' இதற்குப் பிறகு வரட்டும். பெரியார் 1931லேயே 'குடிஅரசு' இதழில் அதைத் தமிழில் வெளியிட்டார். முதல் இரண்டு அத்தியாயங்களே உயிர். மூன்றாவது அன்றைய ஐரோப்பியப் போக்குகளோடு நடத்திய சண்டை, பிறகு பார்க்கலாம். இரண்டாம் அத்தியாய முடிவிலுள்ள பத்து அம்சங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு 1872 முன்னுரையைக் காட்டுங்கள். அவை சில இடங்களில் பழசாகிவிட்டன என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்கெல்ஸின் 1880 பிரசுரமான 'கற்பனாவாத சோஷலிசமும் விஞ்ஞான சோஷலிசமும்' அதன் பிறகு. 1892இன் நீண்ட முன்னுரையைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.

அம்பேத்கரின் 1936 உரை 'சாதி ஒழிப்பு' இல்லாமல் இந்தப் பாடம் முடியக் கூடாது. சாதி வேலைகளை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று அவர் இந்திய சோஷலிஸ்டுகளை நேருக்கு நேர் கேட்டார். பிரிவதற்கு முந்தைய நம் மாவட்டம் சில காலம் அவர் பெயரையே தாங்கியிருந்தது. பச்சைத் தோலைக் கையால் தொடும் வேலை யாருக்கு வந்தது என்பதைப் பேசாமல் இங்கே வர்க்கம் பேச முடியாது. மறுப்பவர்களையும் படியுங்கள்: விலை இல்லாமல் திட்டமிட முடியாது என்று 1920இல் பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசெஸ் எழுப்பிய வாதம், 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜியின் எழுத்து, சோவியத் நாட்டின் முப்பதுகளின் பஞ்சமும் அரசியல் களையெடுப்பும். வேலூர்ச் சிறையில் ராஜாஜியும் இருந்தார், 1941இல் அங்கிருந்து தப்பிய கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனும் இருந்தார். இருவருக்கும் நம் அலமாரியில் இடம் வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. ஒவ்வொரு பிரசுரத்திலும் ஒரே பதிப்பில் பத்துப் பிரதிகள் வாங்குங்கள். பதிப்பு மாறினால் பக்க எண் மாறும், பாதி நேரம் தேடுவதிலேயே போய்விடும். வட்டம் பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றரை மணி நேரம், அதில் முதல் முக்கால் மணி உரக்க வாசிப்பு, பத்திக்குப் பத்தி ஆள் மாறி. ஏற்கெனவே படித்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் அது கூட்டமாகிவிடும், வாசிப்பு நின்றுவிடும். ஞாயிறு காலை ஷிப்ட் ஆட்களுக்கு ஒத்துவரும். பீடி சுற்றும் பெண்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று அவர்களிடமே கேட்டு, அறிவிப்புப் பலகையில் அந்த நேரத்தையும் எழுதுங்கள்.