கயலுக்கு: உண்ணி பற்றி அப்பா

அன்புள்ள கயலுக்கு,

நிலாவின் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்திருந்தது என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மா ஒரு நிலையில் இல்லை. மாட்டு வைத்தியன் என்பதால் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. காங்கேயம் பக்கம் மாடு சிவப்பாக மூத்திரம் போனால், காதடியிலும் மடியிலும் உண்ணியைத்தான் முதலில் தேடுவோம். உங்கள் ஊரில் இருப்பது வேறு வகை, மான் உண்ணி. அது பரப்புவது லைம் நோய். அந்த உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான். நீ கண்டுபிடித்ததே பெரிது.

அமெரிக்காவில் நீ இருக்கும் ஹார்ட்ஃபோர்டிலிருந்து, அந்த நோய்க்குப் பெயர் தந்த லைம் ஊருக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே பாலி மர்ரி என்று ஓர் அம்மா, நான்கு பிள்ளைகளின் தாய். வீட்டில் மாற்றி மாற்றி மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல். டாக்டர்கள் பலரும் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரோ யாருக்கு எப்போது என்ன வந்தது என்று எழுதிக்கொண்டே வந்தார். 1975-ல் அவரும் இன்னொரு தாயும் கொடுத்த புகாரால்தான் விசாரணையே தொடங்கியது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் குழு பார்த்தபோது, அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 39 குழந்தைகளுக்கும் 12 பெரியவர்களுக்கும் இதே தொல்லை. குழந்தைகளின் மூட்டுவாதம் இப்படிப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வருமா? அதுவும் பெரும்பாலும் வெயில் காலத்தில்? ஏதோ பூச்சி வேலை என்று புரிந்தது. கிருமிதான் சிக்கவில்லை.

சிக்க வைத்தவர் மொன்டானாவில் ராக்கி மவுண்டன் ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லி பர்க்டார்ஃபர். 1981-ல், நியூயார்க்கின் ஷெல்டர் தீவு உண்ணிகளில் அவர் தேடியது உண்ணி பரப்பும் வேறொரு கிருமியான ரிக்கெட்சியாவை. உண்ணியின் கால் நுனியை நறுக்கி, கசியும் சொட்டைச் சோதிப்பதுதான் வழக்கம். இரண்டு உண்ணிகளின் சொட்டில் நுண்புழுக்கள் தெரிந்தன. உள்ளே இன்னும் இருக்குமோ என்று வயிற்றைத் திறந்தார். குடலில் புழு இல்லை. சாயம்கூடச் சரியாக ஏறாத, தாறுமாறாகச் சுருண்ட நீளக் கிருமிகள் இருந்தன. இன்னொருவர் என்றால் தாண்டிப் போயிருப்பார். இவரோ சுவிட்சர்லாந்தின் பாசலில் டாக்டர் பட்டத்துக்கே உண்ணிகளில் வாழும் சுருள் கிருமிகளைத்தான் ஆராய்ந்தவர். அந்தத் தீவின் உண்ணிகளில் பாதிக்கு மேல் அதே கிருமி. 1984-ல் அதற்கு அவர் பெயரையே வைத்து பொரெலியா பர்க்டார்ஃபெரி என்றார்கள். அப்புறமும் தேடல் நிற்கவில்லை. 2016-ல் மயோ கிளினிக் குழு பொரெலியா மயோனி என்று இன்னொன்றை அறிவித்தது. ஆனால் அது மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்துச் சங்கதி, உனக்கு வேண்டாம்.

கிருமி குடலில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, நிலா விஷயத்தில் அதுதான் முக்கியம். உண்ணி கடித்ததுமே கிருமி உடம்புக்குள் வந்துவிடாது. ரத்தம் உள்ளே போய், குடல் சூடாகி, கிருமி தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டு எச்சில் சுரப்பிக்கு ஏறி வரவேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். நீ மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டாய். அதனால் அம்மாவிடம் தைரியமாகப் பேசு.

இனி ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு. எடுத்த தேதியைக் காலண்டரில் குறி. ஒரு மாதத்துக்குள் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, தேதியைச் சொல்லி டாக்டரிடம் காட்டு. அதற்கு முன்பே ஒரு தடவை கேட்டுவிடுவதும் நல்லது. மாப்பிள்ளையிடம் கொல்லைப் புல்லை ஒட்ட வெட்டச் சொல்.

அன்புடன்,
அப்பா