சாதிப் பெருமைப் பாட்டுக்கு ராப் போட்டுக் கொடுக்கும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே,

போன மாதம் பக்கத்து ஊர்க் கோயில் கொடை. ஊர்வலத்தில் வந்த ஸ்பீக்கர் வண்டி எங்கள் தெருமுனையில் நின்றது, ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நிற்கும், அங்கே வந்ததும் சத்தத்தைக் கூட்டுவார்கள். இந்த முறை ஓடியது உங்களில் யாரோ செய்த பாட்டு. ஆண்ட பரம்பரை, அரிவாள், சிங்கம், எல்லாமே ராப்பில். என் தங்கை மகனுக்குப் பதினொரு வயது, ராப் என்றால் உயிர். பீட் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியவன், வரிகள் புரிந்ததும் பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

உங்களிடம் திறமை இருக்கிறது. அந்த பீட் நன்றாகவே இருந்தது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தன் தங்கை ஏற்பாடு செய்த ஒரு விருந்தில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் இசைத்தட்டு சுழற்றினார். ராப்புக்குத் தாயான ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தாளத்துக்குப் பின்னால் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் கறுப்பின அடிமைகள் மேளம் அடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே அவர்கள் மேளம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மேளம் போனதும் அந்த மக்கள் கையையும் தொடையையும் தட்டியே தாளத்தைக் காப்பாற்றினார்கள். அங்கே அடிக்காதே என்று சட்டம், இங்கே சாவு விழுந்தால் நீ வந்து பறை அடித்தே ஆக வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு. என் தாத்தா இனி அடிக்க மாட்டேன் என்று பறையைத் தீயில் போட்டவர். இன்று அவருடைய கொள்ளுப்பேத்தி அதையே மேடையில் அடிக்கிறாள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, கறுப்பின மக்களிடமிருந்து நம் நாட்டில் யாருமே எதுவும் வாங்கியதில்லையா? வாங்கினார்கள். சாதியை எதிர்த்த மராத்தியச் சீர்திருத்தக்காரர் ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) என்ற நூலை எழுதியபோது, அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்கு அதைச் சமர்ப்பித்தார். 1946இல் அம்பேத்கர், ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவைப் பற்றி விசாரித்து அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அவரும் பரிவோடு பதில் போட்டார். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்ற இளைஞர்கள் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் (கருஞ்சிறுத்தை) கட்சியைப் பார்த்து தலித் பாந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் பலர் கவிஞர்கள், எழுத்தாளர்கள். யாரிடம் பெயரை எடுத்தோம் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை. கவிதையை மட்டும் யாரிடமும் வாங்காமல் தங்கள் சேரியின் மராத்தியில் எழுதினார்கள், பம்பாயின் பாலியல் தொழில் பகுதியான காமாத்திபுராவை தசால் எழுதியது போல வேறு எவராலும் எழுதியிருக்க முடியாது. அப்புறம் அந்தப் பெயர் மதுரைக்கு வந்து, தமிழில் சிறுத்தைகள் ஆனது.

அந்தத் தாளத்தைத்தான் நீங்கள் எங்கள் தெருமுனையில் எங்களுக்கு எதிராகத் திருப்பியிருக்கிறீர்கள். ஏலத்தில் விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டாக்கிய பாட்டு அது. அதன்மேல் ஏறி நின்று 'ஆண்டோம்' என்று எப்படிப் பாட முடிகிறது, எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

உங்களில் பலருக்கு இது பிழைப்பு என்பது தெரியும். ஸ்டுடியோ வாடகை இருக்கும், கொடை சீசனில்தான் நாலு காசு வரும். இருந்தாலும் கேட்கிறேன், அடுத்த முறை அந்த வரிகளோடு யாராவது வந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெருவில் பிள்ளைகள் பறை பழகுவார்கள். ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள், என் தங்கை மகன் நாலு வரி எழுதி வைத்திருக்கிறான்.