டர்போவுக்கு முன் பிரேக் ஆயில்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாங்கியிருக்கும் இரண்டாம் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் படங்களையும், அதை டிராக் டேக்குத் (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு) தயார் செய்வதற்காக நீ போட்டிருக்கும் பட்டியலையும் பார்த்தேன். முதல் இடத்தில் டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி), அதற்குக் கீழே அகலமான சக்கரங்கள், காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகள், பெரிய காலிப்பர்கள் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடிப்பான்கள்), கடைசியில் ஒரு மூலையில் "சர்வீஸ்" என்று எழுதியிருக்கிறாய். எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். பட்டியலில் உள்ள எதுவும் வீணான பொருள் அல்ல. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் பலரும் இதே வரிசையைத்தான் போடுகிறார்கள் என்பதால், உனக்கு மட்டும் எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

டிராக்கில் ஒரே ஒரு சுற்றை வேகமாக ஓட்டிவிட ஏறக்குறைய எந்தக் காராலும் முடியும். ஒரு செஷன், அதாவது இடைவிடாமல் டிராக்கில் ஓடும் ஒரு தவணை, பொதுவாக 15 முதல் 20 நிமிடம் வரை நீடிக்கும். இரண்டாவது சுற்றில் பிரேக் பெடல் எந்த இடத்தில் பிடித்ததோ, கடைசிச் சுற்றிலும் அதே இடத்தில் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரேக், டயர், கூலன்ட், என்ஜின் ஆயில் ஆகிய நான்கும் சூடேறச் சூடேறத் தம் குணத்தை மாற்றிக்கொள்பவை. டர்போ இல்லாத என்ஜினின் சக்தி அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஆகவே முதலில் செலவு செய்ய வேண்டியது மாறிப்போகும் பொருள்களின் மீதுதான். அதற்கு முன்பே சக்தியைக் கூட்டினால் அந்த நான்கின் பாடும் இன்னும் மோசமாகும்: வேகம் 10 சதவீதம் கூடினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது.

உன் கார் 1998 முதல் 2005 வரை விற்பனையில் இருந்த தலைமுறையைச் சேர்ந்தது. அந்த வயதுக் காரில் ரப்பர் என்று எதுவெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். சஸ்பென்ஷன் கைகளில் உள்ள புஷ்கள் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்), பால் ஜாயின்ட்கள் (உருண்டை மூட்டுகள்), கூலன்ட் ஹோஸ்கள், பிரேக் ஹோஸ்கள் எல்லாவற்றையும் லிஃப்டில் ஏற்றி ஒவ்வொன்றாகப் பார். முன்சக்கரத்தின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து ஆட்டினால் சிறிதும் ஆட்டம் தெரியக்கூடாது; தெரிந்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கிறது என்று பொருள். புது ரப்பர் புஷ்கள் போட்ட ஒரு சாதாரண எம்எக்ஸ்-5, வெடித்துப்போன புஷ்களின் மேல் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் மாட்டிய எம்எக்ஸ்-5ஐவிட நேராகவும் நம்பகமாகவும் ஓடும். இந்த வேலைகளைப் படம் எடுத்துப் பெருமையாகப் போட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இனி பிரேக். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்கு வேகத்தைக் குறைக்கும்போது, காரின் இயக்க ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு வெப்பமாக மாறியாக வேண்டும். உன்னையும் சேர்த்து ஏறக்குறைய 1,100 கிலோ எடை என்று கொண்டால் அது 800 கிலோஜூலுக்கு மேல் வருகிறது. இரண்டு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான அந்த வெப்பம் சில வினாடிகளில் டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. அடுத்த வளைவிலும் அதே கதைதான். டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பர் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் வெப்பம் படிப்படியாக நகர்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஆனால் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான், வீட்டிலிருந்து வரும்போது கச்சிதமாக இருந்த பிரேக் டிராக்கில் கைவிட்டுப் போகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும் என்பதால், பெடல் பஞ்சு போல இறங்கி அடிவரை போய்விடும். பந்தயத்துக்கென்று வரும் ஆயில்களின் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்ற பெயரில் வருவது சிலிக்கோன் ஆயில். பெயரில் எண் பெரியதாக இருக்கிறதே என்று அதை உன் காரில் ஊற்றிவிடாதே. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4 இனத்தைச் சேர்ந்தது.

பேடு சூடேறித் தோற்பதன் அறிகுறி வேறு விதமானது. பெடல் கல் போலக் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுக்கும். பெடல் இறங்கினால் ஆயில், இறங்காமல் பிடி மட்டும் போனால் பேடு: இந்த வேறுபாட்டை உன் வலது காலுக்கு நீ பழக்கிவைத்துக்கொள். எதை மாற்ற வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். அறிகுறி எதுவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஒரு சுற்று ஓடி, பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் கார்களை நிறுத்தும் இடத்துக்கு) வந்துவிட வேண்டும்.

ஆகவே உன் பட்டியலில் உள்ள பெரிய காலிப்பர்களின் இடத்தில் டிராக் பேடுகள், புதிய உயர்கொதிநிலை ஆயில், எஃகு வலை பின்னிய ஹோஸ்கள் ஆகிய மூன்றையும் எழுது. இவ்வளவு இலகுவான காருக்கு, அதன் சொந்தக் காலிப்பர்களே இந்த மூன்றின் துணையோடு நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். டிராக் பேடு காலையில் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, கீச்சிடும், சக்கரம் முழுக்கக் கரித்தூளை அப்பும். அதனால் சாலைக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்வதே நல்லது. புதிய பேடுகளை மாட்டியவுடன், நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை அழுத்தமாக வேகத்தைக் குறைத்து, முழுவதுமாக நிற்காமல், டிஸ்க்கின் மேல் பேடின் மெல்லிய படலம் சீராகப் படியவிட வேண்டும். செஷன் முடிந்து வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதே. உன் காரில் அது பின்பக்க டிஸ்க்குகளையே பிடிக்கிறது; கொதிக்கும் டிஸ்க்கின் மீது பேடு அழுந்தி நின்றால் அந்த இடத்தில் திட்டுப் படிந்து, பிறகு ஒவ்வொரு மிதிப்பிலும் பெடல் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டுத்தான். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வை.

டயரில் முதலில் பார்க்க வேண்டியது வயது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதற்காக அந்த வயது டயரோடு டிராக்குக்குப் போகக்கூடாது. முதல் சில நாள்களுக்கு நல்ல சாலை டயரே போதும். அது வழுக்குவதற்கு முன் கத்தி எச்சரிக்கும், மெதுவாகக் கைவிடும். ஒட்டும் டயர் கடைசிவரை பிடித்துவிட்டுச் சட்டென்று விடும்; அதோடு வளைவில் என்ஜின் ஆயிலைச் சம்ப்பின் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) ஓரத்துக்குத் தள்ளி, பேரிங்குகளுக்கும் கூடுதல் சுமையைத் தரும். காற்றழுத்தத்தைச் சூடாக இருக்கும்போது அளப்பதே முறை. சில சுற்றுகளில் அது 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை ஏறிவிடும் என்பதால், காலையில் சற்றுக் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் அளந்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதிவை.

உன் காரில் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய மேம்பாடு வீல் அலைன்மென்ட். நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் அமைப்பும் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்), கேம்பரை (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வை) மாற்றுவதற்கான போல்ட்டுகளும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. அந்தப் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் அவற்றை விடுவிப்பது ஒரு நாள் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரங்களுக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) கொஞ்சம் கூட்டினால் டயரின் வெளித்தோள் தேய்வது குறையும், வளைவில் முன்பக்கம் நன்றாகக் கடிக்கும். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, இந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கு ஏறி இறங்க இடமே குறைவு. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தாழ்த்தினால் கார் பம்ப் ஸ்டாப்பின் (சஸ்பென்ஷனின் இறக்கத்தைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையின்) மேல் உட்கார்ந்துவிடும், பார்க்க அழகாகவும் ஓட்டத் தத்தளிப்பாகவும் இருக்கும்.

கூலிங்குக்கு வருகிறேன். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருப்பாக இல்லாமல் பழுப்பேறியிருந்தால் அது விரிசல் விடும் நாள் தூரத்தில் இல்லை. அலுமினிய ரேடியேட்டரை இப்போதே போடு. டேஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள்ளை நம்பாதே, பரந்த வெப்ப எல்லைக்குள் அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஆயில் அழுத்த முள்ளும் அப்படித்தான். அழுத்தம் இருக்கிறது, இல்லை என்பதைத் தவிர வேறெதையும் காட்டாது. உண்மையான எண்ணைக் காட்டும் இரண்டு மீட்டர்கள் மாட்டுவது எனக்குத் தெரிந்து டர்போவைவிடப் பயனுள்ள செலவு. டர்போ பற்றி இன்னொன்று: இந்த என்ஜின் முன்சக்கர இயக்கக் கார்களுக்காகக் குறுக்குவாட்டில் பிறந்து, இங்கே நெடுக்காகத் திருப்பி வைக்கப்பட்டது. கூலன்ட் வெளியேறும் வழி முன்பக்கமே அமைந்ததால் பின்பக்கச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். சாதாரண சக்தியில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. டர்போ போட்டால் கூலன்ட் பாதையையே மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு டர்போ விற்பவரின் விலைப்பட்டியலில் இருக்காது.

மேற்கூரை துணியாலானது என்பதால், ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உலோக வளைவு) இல்லாமல் நீ டிராக்கில் இறங்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான கம்பை வைத்துப் பார். கம்பு ஹெல்மெட்டைத் தொடாமல் ஐந்து சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். தொட்டால் சீட்டைத் தாழ்த்து. ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் எஸ்ஏ தரம் கார்களுக்கானது, அதில் தீத்தடுப்புச் சோதனையும் உண்டு. எம் தரம் மோட்டார் சைக்கிளுக்கானது. நான்குமுனை, ஆறுமுனை பெல்ட்டுகளை ரோல் பாரும் அதற்கேற்ற சீட்டும் இல்லாமல் மாட்டாதே. அதுவரை தொழிற்சாலை சீட் பெல்ட்டே பாதுகாப்பானது. டிராக்கில் நேரும் சேதத்துக்கு உன் இன்சூரன்ஸ் பொறுப்பேற்கிறதா என்பதையும் பாலிசியில் வரிவரியாகப் படித்துவிடு.

டர்போவுக்கென்று ஒதுக்கிய தொகையில் இதெல்லாம் போக மீதமிருந்தால், அதை ஒரு நல்ல பயிற்சியாளரைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைக்கச் செலவிடு. முதல் நாள் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் பேடு தடிமன், டயரின் உள்தோள் வெளித்தோள் தேய்மானம், நோட்டில் எழுதிய காற்றழுத்த எண்கள், ஆயில் வெப்பத்தின் உச்சம் ஆகியவற்றை எனக்கு அனுப்பு. எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம் என்ற உன் கேள்விக்கு அதைப் பார்த்த பிறகு பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா