கடல்விமானம் வேண்டாம், மச்சான்

உப்புவெளி, திருகோணமலை
14.09.2025

அன்பின் மச்சான் குணா,

நீ அனுப்பிய குரல்பதிவு மூன்றையும் கேட்டேன். மூன்றாவது பதினேழு நிமிஷம். கேட்டு முடிய என் தேத்தண்ணி ஆறிப்போச்சு. போனில் பதில் சொல்லப் போனால் இடையில் புகுந்து என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே கச்சான் காற்று ஓயப் போகிறது. வெள்ளைக்காரர் ஒவ்வொருவராய்ப் பெட்டி கட்டுகிறார்கள். பின்னேரத்தில் மான்கள் வழக்கம்போல பஸ் நிலையம் வரைக்கும் வந்து குப்பை கிளறுகின்றன. நீ போன நாளில் இருந்து ஊரில் மாறாதது அதுகள் மட்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கனடாவில், உங்கள் ஸ்காபரோவில் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு, நம்முடைய உட்துறைமுகத்தில் கடல்விமானம் இறக்கப் போகிறோம் என்கிறாய். மாலைதீவில் ஓடவில்லையா என்று கேட்கிறாய். ஓடுகிறதுதான். அறுபதுக்கு மேல் ட்வின் ஒட்டர் விமானங்கள் வைத்திருக்கிறார்கள், உலகத்திலேயே பெரிய கடல்விமானக் கூட்டம் அது. ஆனால் அங்கே ஹோட்டலுக்கு ஒரு தீவு. தண்ணீரைத் தாண்டாமல் போக வழியில்லை. இங்கே கட்டுநாயக்கவில் இறங்குகிறவனை ஒரு வான் ஆறு மணித்தியாலத்தில் நிலாவெளியில் கொண்டுவந்து விட்டுவிடும், நடுவில் தம்புள்ளையில் சோறும் தின்ன வைக்கும். அவசரக்காரனுக்குச் சீனன்குடாவில் இறங்கும் சின்னச் செஸ்னா இருக்கிறது. அதோடு நம்முடைய சீசன் சித்திரை கழிந்தால் புரட்டாதி வரைதான். வாடை தொடங்கி மழை ஊற்றும்போது ஹோட்டல்காரனே கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறான். விமானத்தின் மாதக் குத்தகை மழைக்கு ஒதுங்கி நிற்காதே.

உட்துறைமுகத்தில் கடல்விமானம் புதுசும் இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கற்றலினா என்கிற கடல்விமானங்கள் அந்தத் தண்ணீரில்தான் இறங்கி ஏறின. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து சீனன்குடாவில் குண்டு போட்ட கதையை உன் அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நாம் சைக்கிளில் டபிள் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பிளேன் பார்த்த அந்த இடம்தான் உன் தலைக்குள் இன்னும் சுத்துகிறது என்று நினைக்கிறேன். அதில் பிழையில்லை. ஆனால் அதற்கு ஓய்வூதியக் காசைப் போடாதே.

கணக்கைப் பார். விமானக் கம்பனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டா ஜூன் மாதம் ஒரு மதிப்பீடு விட்டது. இந்த வருஷம் ஏறத்தாழ 500 கோடிப் பேர் பறப்பார்கள். மொத்த வருமானம் 97,900 கோடி டொலர். எல்லாச் செலவும் போகக் கையில் மிஞ்சுவது 3,600 கோடி. தலைக்கு 7 டொலர் 20 சதம். உங்கள் ஊரில் ஒரு கோப்பியும் டோனட்டும் வாங்கலாம். அதுவும் நல்ல வருஷத்துக் கணக்கு மச்சான்.

அப்படியென்றால் விமானத்தால் யாரும் உழைக்கவில்லையா? உழைக்கிறார்கள், தரையில் நிற்கிறவர்கள். நானும் அதில் ஒரு சின்ன ஆள் என்பதை நீ மறந்துபோனாய். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் வள்ளங்கள் கொண்டுவருகிற கெலவல்லாச் சூரையைத் தெரிந்தெடுத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு நீர்கொழும்புக்கு அனுப்புகிறேனே, அந்த மீன் எதில் வெளிநாடு போகிறது? பெரும்பாலும் சரக்கு விமானத்தில் இல்லை. உன்னைப் போல மாமா, மாமி ஏறுகிற அதே விமானத்தில், உங்கள் காலுக்குக் கீழே. உலகத்து விமானச் சரக்கில் பாதியளவு அப்படிப் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது.

இதை 2020இல்தான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன். மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், பயணிகள் விமானம் நின்றது. மீன் கடலில் இருக்கிறது, வள்ளம் இருக்கிறது, வாங்குகிறவனும் இருக்கிறான், ஏற்றிப்போக வயிறு இல்லை. மிச்சமிருந்த இடத்துக்குக் கேட்ட காசில் மீனின் விலையே அடிபட்டுப் போயிற்று. அந்தக் கிழமை லொறியைத் திருப்பி, ஒரு ஆள் பச்சையாய்த் துண்டு போட்டுத் தின்ன வேண்டிய முதல்தர மீனை சாம்பல்தீவில் கீறி உப்புப் போட்டுக் கருவாடாக்கினோம். மனுசி இன்னும் சொல்லிச் சிரிப்பாள், ஊரிலேயே விலை கூடிய கருவாடு நாம் தின்றதுதான் என்று. சுற்றுலாப் பயணிகளுக்கு நாடு திறக்க அடுத்த ஜனவரி ஆயிற்று.

நிறையில் பார்த்தால் உலக வர்த்தகத்தில் ஒரு வீதம்கூட விமானத்தில் போவதில்லை. பெறுமதியில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. பாரம் குறைய, விலை கூட இருக்கிற சாமானுக்குத்தான் அந்த வழி. நாங்களோ முழு மீனைத் தலையும் முள்ளுமாய் அனுப்பி, எறியப்போகிற முள்ளுக்கும் கிலோக் கணக்கில் கூலி கட்டுகிறோம். இங்கேயே சதையாய் வெட்டி, வெற்றிடப் பையில் அடைத்து அனுப்ப ஐரோப்பிய அனுமதியோடு ஒரு சின்ன வெட்டுக்கூடம் வேண்டும். அனுமதி எடுப்பது லேசில்லை. 2015இல் ஐரோப்பா நம்முடைய மீனையே ஒன்றரை வருஷம் தடுத்து வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் உன் நாலு பேரின் காசில் ஒரு இறக்கைகூட வாங்க முடியாது, இந்தக் கூடத்தைக் கட்டலாம்.

அப்புறம் என் சின்ன மகளின் கதை. இரத்மலானையில் விமானப் பராமரிப்பு படிக்கிறாள், இரண்டாம் வருஷம். போன லீவுக்கு வந்தபோது கழித்துப்போட்ட டர்பைன் பிளேட் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒரு சாளை மீன் அளவுதான், கையில் வைத்தால் அதைவிடப் பாரம். ஓரமெல்லாம் ஊசியால் குத்தினது போல வரிசையாய்த் துளை. என்ஜினுக்குள் அதன்மேல் அடிக்கிற காற்று அந்த உலோகம் உருகுகிற சூட்டைவிடக் கூடவாம். அந்தத் துளைகளால் வெளியே வருகிற குளிர்ந்த காற்றுத்தான் மேலே ஒரு போர்வை மாதிரி நின்று அதை உருக விடாமல் காக்கிறது. இப்போது என் மீன் பில்லுகள் பறக்காமல் இருக்க மேசையில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இந்தத் துண்டுக்குள்தான் காசு இருக்கிறது. என்ஜின்காரன் என்ஜினை விலை குறைத்துக் கொடுத்துவிட்டு, இருபத்தைந்து வருஷம் உதிரிப் பாகத்திலும் திருத்தத்திலும் எடுக்கிறான். வள்ளத்துக்கு மோட்டர் விற்கிறவன் இம்பெல்லரில் நம்மைப் பிடிக்கிறானே, அதே வித்தை. பறந்த மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற முறை 1962இலேயே தொடங்கிவிட்டது.

இப்போது அது இன்னும் முறுகி நிற்கிறது. போயிங் 2018இல் 806 விமானம் கொடுத்தது. 737 மேக்ஸ் விபத்துகள், பறக்கும்போது கதவுத் துண்டு கழன்றது, வேலைநிறுத்தம் எல்லாம் சேர்ந்து 2024இல் 348தான். எயர்பஸ் 766 கொடுத்தது, அதுவும் போதவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்கிற விமானங்கள் 17,000. இந்தியாவின் இண்டிகோ கம்பனி ஒரே நாளில் 500 விமானம் கேட்டது 2023இல், ஏர் இந்தியா அதே வருஷம் 470. போதாததற்கு பிராட் அண்ட் விட்னி என்ஜின் ஒன்றில், உள்ளே சுழல்கிற தட்டுகளைச் செய்கிற உலோகத் தூளில் மாசு கலந்திருக்கிறது என்று 2023 ஜூலையில் சொன்னார்கள். கழற்றிப் பார்த்து மாட்ட மாதக் கணக்கு. இண்டிகோவுக்கு மட்டும் எழுபதுக்கு மேல் விமானம் என்ஜினுக்காகத் தரையில் நின்றது. புதுசு வரவில்லை என்றால் பழசைத்தானே ஓட்ட வேண்டும்? பழசு ஓடினால் ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு வேலை. இருபது வருஷத்தில் 716,000 தொழில்நுட்பவியலாளர் தேவை என்று போயிங் போன வருஷம் கணக்குச் சொன்னது. விமானிகளைவிட அது கூட.

உன் அக்காவின் பேரன் விமானி ஆக வேண்டும் என்று நிற்கிறானாமே. நான் சொன்னேன் என்று சொல்லு, முதலில் விமானம் திருத்துகிறவர்களின் பி-1 லைசன்ஸ் எடுக்கட்டும். என்ஜினும் உடலும் அதில் அடங்கும். மின்னணுப் பக்கம் விருப்பம் என்றால் பி-2. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பறக்கட்டும்.

சின்னவளுக்கு அவளுடைய சேர் வகுப்பில் சொன்ன கதை ஒன்று எனக்கு நித்திரையைக் கெடுத்துவிட்டது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஷானன் என்று ஒரு இடம். ஒரு காலத்தில் அட்லாண்டிக் தாண்டுகிற விமானமெல்லாம் அங்கே இறங்கி எண்ணெய் அடிக்க வேண்டும். ஜெட் வந்தால் நிற்காமல் போய்விடும் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பிரெண்டன் ஓ'ரீகன் என்கிறவர் 1947இல் அங்கே தீர்வையில்லாக் கடையைத் திறந்தார், உலகத்தில் அதுதான் முதலாவது. 1959இல் விமான நிலையத்தைச் சுற்றிச் சுதந்திர வர்த்தக வலயம் போட்டார்கள். 1975இல் டோனி ரயன் அங்கேயிருந்து விமானத்தை வாங்கி வாடகைக்கு விடுகிற கம்பனி தொடங்கினார். இன்றைக்கு உலகத்து விமானங்களில் பாதியளவு குத்தகைக்கு ஓடுகிறது, அதில் பெரிய கம்பனிகள் அயர்லாந்தில்தான் இருக்கின்றன. மழையும் மாடும் இருந்த தேசம் மச்சான்! ஆனால் ரயனின் கம்பனி 1992இல் பங்கு விற்கப் போய் விழுந்ததையும் உன் கூட்டாளிகளுக்குச் சொல்லு.

நம்மிடம் என்ன குறை? ஓடுபாதை இருக்கிறது. பக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள். அவற்றில் 61ஐ இந்தியாவோடு சேர்ந்து நடத்த 2022 ஜனவரியில் கையெழுத்து. இந்த ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், இலங்கை மூன்று நாடும் சேர்ந்து எரிசக்தி மையம் என்று இன்னொரு தாள். தாளை நம்பி நான் ஐஸ்கூட வாங்கமாட்டேன். குதங்களில் இன்னும் பலதுக்கு மேலே ஆலும் அத்தியும்தான் மையம் அமைத்திருக்கின்றன.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. ஐரோப்பாவில் இந்த வருஷத்தில் இருந்து விமான எரிபொருளில் 2 வீதம் பசுமை எண்ணெய் கலக்க வேண்டும், 2030இல் 6, 2050இல் 70. இப்போதைக்கு அதைப் பெரும்பாலும் எதில் காய்ச்சுகிறார்கள் தெரியுமா? பொரித்து முடிந்த பழைய எண்ணெயிலும் மிருகக் கொழுப்பிலும். புது பாம் எண்ணெயைப் பழசென்று விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில், எந்தக் கடையில் எடுத்தது என்று சான்று கேட்கிறார்கள். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரை எத்தனை ஹோட்டல், எத்தனை வடைச் சட்டி! நம்ம சந்திக் கடைக்காரரிடம் விசாரித்தேன். “பழைய எண்ணெயா? அப்படியொன்று என்னிடம் மிஞ்சுவதே இல்லையே” என்றார். அன்றோடு அவரிடம் வடை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

மார்கழியில் வருவதென்றால் கொழும்பு வழியே வராமல் சென்னையில் இருந்து பலாலிக்கு வந்து பார். ஏடிஆர் விமானம், சின்னது, பக்கத்தில் இருக்கிறவனின் முழங்கை உன் விலாவில் இருக்கும். போன வருஷத்தில் இருந்து இண்டிகோ ஓடுகிறது. அங்கேயிருந்து பஸ்ஸில் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒரு உதவி. சின்னவளுக்கு அங்குல அளவில் சொக்கற் செட் ஒன்று வேண்டும், கால் அங்குலப் பிடியோடு. போயிங்கின் நட்டெல்லாம் அங்குலக் கணக்கு, இங்கே கடைகளில் மில்லிமீட்டர்தான் கிடக்கிறது. குணா மாமாவிடம் கேளுங்கள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள். கைப்பையில் வைக்காதே, பிடுங்கி எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் போடு.

அன்புடன்,
உன் மச்சான்
சிவா