பத்துப் பிரெஞ்சு கிரெடிட்களுக்கு நேரசூசியில் இடம் தாருங்கள்

எங்கள் கல்விச் சபையின் கல்விப் பணிப்பாளருக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், பிரெஞ்சு இமெர்ஷன் நடத்தும் உயர்நிலைப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும்,

வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தெரிவு செய்யும் பருவம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் உள்ள பல தமிழ் வீடுகளில் அப்போது எழும் கேள்வி, பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்கும் இமெர்ஷன் திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதுதான். நிறுத்துகிறவர்களில் எனக்குத் தெரிந்த பலர் பிரெஞ்சு பிடிக்காமல் நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகவியலா பிரெஞ்சா என்று ஒரு நாள் கேட்கப்படும் என அஞ்சி, அந்த நாள் வருமுன்பே விலகிவிடுகிறார்கள். அந்த அச்சத்துக்கு மாகாண விதிகளில் இடமே இல்லை. அதை உண்டாக்குவது பாடசாலைகளின் நேரசூசி. மாற்ற வேண்டிய பொறுப்பு உங்களிடம் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

விதிகளை முதலில் பார்ப்போம். 2024 செப்டெம்பரிலோ அதற்குப் பிறகோ ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமா பெற 30 கிரெடிட்கள் (ஒரு முழுப் பாடத்துக்கு ஒரு கிரெடிட்) வேண்டும். அவற்றில் 17 கட்டாயம், 13 விருப்பம். இமெர்ஷன் சான்றிதழுக்குப் பத்து கிரெடிட்கள் பிரெஞ்சில் வேண்டும். அவற்றில் நான்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான பிரெஞ்சு மொழிப் பாடங்கள். மீதி ஆறு, பிரெஞ்சில் கற்பிக்கப்படும் வேறு பாடங்கள்.

நான்கு மொழிப் பாடங்களில் ஒன்று, எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமான பிரெஞ்சு கிரெடிட்டாகவே கணக்கில் சேர்ந்துவிடும். மற்ற மூன்றுக்கு மட்டுமே விருப்பக் கிரெடிட்கள் தேவைப்படும். அடுத்து அந்த ஆறு. கனடாவின் புவியியல், கனடாவின் வரலாறு, கலை, உடற்கல்வி ஆகிய நான்கும் யாராக இருந்தாலும் படித்தே ஆக வேண்டியவை. குடியியலும் தொழில் வழிகாட்டலும் ஒவ்வொன்றும் அரைக் கிரெடிட்டாக இணைந்து ஐந்தாவது கிரெடிட் ஆகின்றன. ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தையோ கணிதத்தையோ பிரெஞ்சில் கொடுத்தால் ஆறும் முடிந்தது. கட்டாயப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்துவதால் மாணவருக்கு ஓர் இடம்கூட இழப்பில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறையும் முடித்துவிட்ட பிள்ளைக்குப் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஆண்டுக்கு ஒரு பிரெஞ்சு மொழிப் பாடம் மட்டுமே எஞ்சும்.

ஆனால் பாடசாலைகளில் நடப்பது என்ன? புவியியலும் வரலாறும் பிரெஞ்சில் உண்டு. உடற்கல்வியும் கலையும் ஆங்கிலத்தில் மட்டும். ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம் ஓர் ஆண்டு பிரெஞ்சில் இருக்கும், மறு ஆண்டு இருக்காது. இப்படிப் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை, மொழிப் பாடங்கள் போக இன்னும் மூன்று அல்லது நான்கு பாடங்களைப் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தேட வேண்டியிருக்கிறது. அங்கே பிரெஞ்சில் கிடைப்பவை பெரும்பாலும் சட்டம், உலக வரலாறு போன்றவை. நல்ல பாடங்கள்தாம். விஞ்ஞானத்துக்கோ பொறியியலுக்கோ போக விரும்பும் பிள்ளை அவற்றில் மூன்றை எங்கே வைக்கும்?

பொறியியலுக்குப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகக் கேட்பவை பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம், உயர்நிலைச் சார்புகள், நுண்கணிதமும் காவிகளும், பௌதிகவியல், இரசாயனவியல். ஐந்து பாடங்கள். அனுமதிக்குத் தேவையான ஆறாவது பாடமாகப் பன்னிரண்டாம் வகுப்பு இமெர்ஷன் பிரெஞ்சே நிற்கலாம், ஏனெனில் அதுவும் பல்கலைக்கழக நிலைப் பாடம். ஆண்டுக்கு எட்டுப் பாடங்கள் படிக்கும் பிள்ளைக்கு இது பாரமே இல்லை. உயிரியல் சேர்ந்தாலும் இடம் மிஞ்சும். கணக்கில் இருக்கும் இந்த இடத்தை நேரசூசி பறித்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இமெர்ஷன் பிரெஞ்சு பல பாடசாலைகளில் ஒரே ஒரு பிரிவாக, ஒரே ஒரு பாடவேளையில் நடக்கிறது. அதே வேளையில் நுண்கணிதமோ பௌதிகவியலோ ஒற்றைப் பிரிவாக வந்துவிட்டால், பிள்ளை ஒன்றைக் கைவிட வேண்டும். எதைக் கைவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இது நேர்ந்தது. பிரெஞ்சும் இரசாயனவியலும் ஒரே வேளையில் வந்தன. வழிகாட்டல் ஆலோசகர் பரிவோடு கேட்டார், மாற்று வழி தேடினார், கிடைக்கவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சில் படித்த பிள்ளை அந்த வாரமே இமெர்ஷனை விட்டாள். விட்டவர்கள் திரும்பிச் சேர வழியில்லை. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஓர் இமெர்ஷன் மாணவர் குறைந்தது 3,800 மணி நேரம் பிரெஞ்சில் கற்றிருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் நியதி. அவ்வளவு உழைப்பையும் பொதுப் பணத்தையும் செலவிட்ட பிறகு, ஒரு பாடவேளை மோதலுக்காகப் பிள்ளையை வெளியேற விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே நான் கேட்பது இவைதாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் கட்டாயப் பாடங்களிலிருந்தே ஆறு பிரெஞ்சு கிரெடிட்களும் கிடைக்கும்படி ஒவ்வொரு இமெர்ஷன் பாடசாலையும் திட்டமிட வேண்டும். உடற்கல்வியைப் பிரெஞ்சில் நடத்துவதை நான் குறிப்பாக வலியுறுத்துகிறேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே, ஓடியும் விளையாடியும் கத்தியும் பேசும்போதுதான் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மொழி நாவில் ஏறும். நேரசூசி போடும்போது இமெர்ஷன் பிரெஞ்சையும் மேல்வகுப்பு விஞ்ஞான, கணிதப் பாடங்களையும் முதலில் வைத்து, அவை மோதாதபடி பார்த்த பிறகே மற்றவற்றை நிரப்ப வேண்டும். அப்படியும் மோதினால் அயல் பாடசாலையோடு சேர்ந்தோ இணையவழியிலோ அந்தப் பாடத்தைத் தர வேண்டும். விலக்குக் கேட்காத மாணவர்களிடம் டிப்ளோமாவுக்கு இரண்டு இணையவழிக் கிரெடிட்கள் கேட்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று பிரெஞ்சில் இருக்கலாமே.

எல்லாவற்றையும் முதல் இரண்டு ஆண்டுகளில் முடித்துவிட்டால் பிறகு பிரெஞ்சு மங்கிப்போகும் என்று சில ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நியாயமான கவலை. அதற்காகத்தான் சட்டத்தையும் உலக வரலாற்றையும் மேல்வகுப்புகளில் தொடர்ந்து நடத்த வேண்டும், விரும்புகிறவர்கள் சேரட்டும். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை சான்றிதழ் பெறுவதற்கு அவற்றை நிபந்தனையாக வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் பிரெஞ்சோடு மேலே போக வழி இருக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழகம் 2006 முதல் தன் மாணவர்களுக்கு இமெர்ஷன் பிரிவு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பிரெஞ்சு மொழித் திறனை அளக்கும் டெல்ஃப் தேர்வு எழுதி, உலகம் ஏற்கும் சான்றும் பெறலாம். அத்தேர்வை இடையில் இமெர்ஷனை விட்டவர்களும் எழுத அனுமதியுங்கள். அவர்கள் கற்ற பிரெஞ்சு அவர்களிடமே இருக்கிறது.

ஆசிரியர் பற்றாக்குறை என்பீர்கள் என்று தெரியும். உண்மைதான். ஆட்சிமொழிகள் ஆணையரின் அலுவலகமே 2019இல் இதைப் பற்றி நாடு தழுவிய ஆய்வு வெளியிட்டது. பற்றாக்குறை இருக்கும்போதுதான் இருக்கிறவர்களை எங்கே நிறுத்துவது என்ற முடிவுக்கு மதிப்பு அதிகம். பதினொன்றாம் வகுப்பில் சிலரே சேரும் ஒரு விருப்பப் பாடத்துக்குப் போடும் ஆசிரியரை ஒன்பதாம் வகுப்பில் முப்பது பேர் படிக்கும் கட்டாயப் பாடத்துக்குப் போட்டால், எத்தனை பிள்ளைகள் இமெர்ஷனில் தங்குவார்கள் என்று ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கான தகவலும் தெளிவாக வர வேண்டும். பத்து கிரெடிட்களை முடிக்காவிட்டால் டிப்ளோமாவே கிடைக்காது என்று நம்பும் பெற்றோரைச் சந்தித்திருக்கிறேன். பிரெஞ்சில் பெற்ற ஒவ்வொரு கிரெடிட்டும் டிப்ளோமாவில் சேரும், டிப்ளோமாவுக்கான எழுத்தறிவுத் தேர்வை மற்ற மாணவர்களைப் போல ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ் கிரெடிட் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு வாரநாள் நேரசூசியில் ஒரு பாடவேளை மிச்சமாகிறது, அதில் பிரெஞ்சை வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. மூன்று மொழிகளும் ஒன்றையொன்று விழுங்கும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை எட்டாம் வகுப்புத் தகவல் கூட்டத்திலேயே தீர்க்க முடியும்.

1965இல் மொன்றியலுக்கு அருகே சென் லாம்பேரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் கல்விச் சபையை விடாமல் வற்புறுத்தியதால்தான் முதல் இமெர்ஷன் வகுப்பு தொடங்கியது. மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பேர்ட் குழு அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. பெற்றோர் கேட்டதால் பிறந்த திட்டம் இது. இன்று கேட்கிறவர்களில் தமிழ்ப் பெற்றோரும் இருக்கிறோம்.

அடுத்த பாடத் தெரிவு தொடங்குமுன், ஒவ்வொரு இமெர்ஷன் பாடசாலையும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பாடங்களைப் பிரெஞ்சில் கட்டாயம் நடத்தும் என்ற நான்காண்டுப் பட்டியலை எழுத்தில் வெளியிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தரும் அந்த வாக்கு, அதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை மாறக் கூடாது. உங்கள் பதிலையும் எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்