டங்கனுக்குக் கிடைக்காத டிக்கெட்

அன்புள்ள சேகர்,

முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவிடு.

சரி, 'அன்செயின்டு மெலடி' பாட்டை முதலில் பாடியது யார் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயம். 'கோஸ்ட்' என்கிற ஹாலிவுட் படத்தில் கேட்டுவிட்டு அது ரைட்டியஸ் பிரதர்ஸ் என்கிற இரட்டையர் பாடிய பாட்டு என்றுதான் நானும் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். முதலில் பாடியவர் டாட் டங்கன் என்கிற கறுப்பின ஓபரா (பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய நாடகம்) பாடகர், 1955-இல் வந்த ஒரு சிறைக்கதைப் படத்தில். அவரைப் பற்றிப் படிக்கப்போய் ரெண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவுக்கு ஆள் தேடியபோது, ஜனரஞ்சகப் பாட்டுக்கு மெட்டுப் போடுகிற ஆள்தானே என்று இவருக்கு ஒரு இளக்காரம். ஆனாலும் போய் ஒரு பழைய இத்தாலியப் பாட்டைப் பாடினார். கெர்ஷ்வினே பியானோ வாசித்தார். சில வரிகள்தான், கதாநாயகன் போர்கியாக நடிக்கிறாயா என்று கேட்டுவிட்டார். இவரோ, முதலில் உங்கள் இசையைக் கேட்க வேண்டும் என்றாராம், என்ன துணிச்சல் பார்! அடுத்த தடவை போனபோது கெர்ஷ்வினும் அண்ணன் ஐராவும் சகிக்க முடியாத குரலில் பாடிக்காட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் குப்பை என்று நினைத்தவர், 'சம்மர்டைம்' என்கிற தாலாட்டுப் பாட்டு வந்ததும் அப்படியே கரைந்துபோனார்.

1935 அக்டோபரில் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் அரங்கேற்றம், 124 காட்சிகள். போர்கி கால் விளங்காத பிச்சைக்காரன். ராத்திரி முழுக்க முட்டிபோட்டபடியே ஓபராக் குரலில் பாட வேண்டும். உன் முட்டி ஞாபகம்தான் வந்தது எனக்கு.

அப்புறம் 1936-இல் நாடகம் வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்கு வந்தது, அதாவது அவர் வேலைபார்த்து வாழ்ந்த ஊருக்கு. அங்கே கறுப்பர்களுக்கு டிக்கெட் கிடையாது! நானே டிக்கெட் வாங்கி உட்கார முடியாத இடத்தில் பாட மாட்டேன் என்று டங்கன் நின்றுவிட்டார், பெஸ்ஸாக நடித்த ஆன் பிரவுனும்தான். பகல் காட்சிக்கு மட்டும் விடுகிறோம் என்று பேரம் பேசிப் பார்த்தார்கள், இவர்கள் மசியவில்லை. கடைசியில் எல்லா இருக்கையும் எல்லோருக்கும் திறந்தது. நாடகம் ஊரை விட்டுக் கிளம்பியதும் பழைய வழக்கமே திரும்பிவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

1945-இல் நியூயார்க் சிட்டி ஓபராவில் பாடினார், 1949-இல் மறுபடி பிராட்வே, 'லாஸ்ட் இன் த ஸ்டார்ஸ்' என்கிற இசை நாடகம். 1998-இல் காலமானபோது வயது 95.

ஆன் பிரவுனோடு 'போர்கி அண்ட் பெஸ்' பாட்டுகளை 1940-இல் இசைத்தட்டுக்குப் பாடியது இணையத்தில் கிடைக்கிறது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கேள். டங்கனுடைய கீழ்ஸ்தாயி எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
மணி