ஜாகுவாரில் அஸ்திரா: முதலில் மூக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்றதிலிருந்து, விமானப்படையில் மிச்சமிருக்கும் பழைய போர் விமானங்களில், எதிரி விமானத்தை வானிலேயே தாக்கும் நம் நாட்டு அஸ்திரா என்ற நெடுந்தூர ஏவுகணையை மாட்டிச் சமாளிக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அதில் ஜாகுவார் பெயர்தான் அதிகம் வருகிறது. நல்ல எண்ணம்தான்; ஆனால் கணக்கு இடிக்கிறது.

மிக்-21-இன் மேம்படுத்தப்பட்ட வடிவமான பைசனையே பாருங்கள். அதில் வந்த ஆர்-77 ஏவுகணைக்கு எட்டும் தூரம் 80 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். மூக்கிலிருந்த கோப்யோ ரேடாரோ, எதிரி விமானம் 60 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் கண்டுபிடிக்கும். மூக்குக் கூம்பு சிறியது, ஆன்டெனாவும் அந்த அளவுக்குத்தான். காணாத இலக்கை எப்படிச் சுடுவது? கடற்படை தன் சீ ஹாரியரில் சரியாகச் செய்தது: ப்ளூ ஃபாக்ஸ் ரேடாரைக் கழற்றி எல்டா 2032 ரேடாரை வைத்தது, டெர்பி ஏவுகணையும் அதோடுதான் வந்தது.

அடுத்தது உயரம். அஸ்திராவின் 110 கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பேசுகிறார்கள். அது 15 கிலோமீட்டர் உயரத்தில், எதிரே வரும் இலக்குக்கு. வடிவமைப்புக் காலத்தில் வெளியான கணக்குப்படியே, 8 கிலோமீட்டர் உயரத்தில் ஏவினால் 44. கடல்மட்டத்தை ஒட்டி ஏவினால் 21. ராக்கெட் மோட்டார் சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். பிறகு விமானம் கொடுத்த வேகமும் உயரமும்தான் ஏவுகணையின் கைமுதல். இலக்கு வாலைக் காட்டித் திரும்பிவிட்டால் அந்த 21-ம் தேறாது. ஜாகுவார் தரையை ஒட்டிப் பறந்து குண்டு போடவென்றே பிறந்தது. அதன் அடோர் இன்ஜின்களுக்கு, சுமையோடு மேலே ஏறி வேகம் பிடிக்கும் தெம்பு கிடையாது.

எங்கே மாட்டுவது என்பதும் இருக்கிறது. ஜாகுவாரின் இறக்கை மேலிருக்கும் தாங்கியில் அஸ்ராம் என்ற குறுந்தூர ஏவுகணை உட்காரும். எடை 88 கிலோ. அஸ்திரா 154 கிலோ. இறக்கைக்குக் கீழே மாட்டினால் குண்டோ எரிபொருள் தொட்டியோ இடம் விட வேண்டும். மாட்டியதும் வேலை முடியாது. அதே எடையுள்ள டம்மியைச் சுமந்து அதிர்வுச் சோதனை, கழன்று விழும் சோதனை, ஏவும் புகையை இன்ஜின் விழுங்கித் திணறுகிறதா என்ற சோதனை, மிஷன் கம்ப்யூட்டர் மென்பொருள், ஏவுகணைக்கு வழியில் தகவல் அனுப்பும் டேட்டா லிங்க் என்று வரிசை நீளும். ஏவிய பின்னும் இலக்கின் இருப்பிடத்தை ரேடார் பார்த்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் தொடர்பு அறுந்தால், ஏவுகணை பழைய கணிப்பை நம்பி வெறும் வானத்துக்குப் போகும்.

டாரின்-3 மேம்பாடு பெற்ற ஜாகுவார்களில் எல்டா 2052 என்ற நல்ல ரேடார் உண்டு. ஆனால் எல்லா ஜாகுவாரும் அந்த மேம்பாடு பெறவில்லை. தற்காப்புக்கு ஜாகுவாருக்கு அஸ்ராம் போதும். அஸ்திராவை, ஏற்கெனவே ஆர்-77 சுமந்து பழகிய, உயரத்தில் வேகம் பிடிக்கும் மேம்படுத்தப்பட்ட மிக்-29-க்கு முதலில் கொடுங்கள். சோதனை விமானங்களும் டெலிமெட்ரி (பறக்கும்போதே அளவீடுகளைத் தரைக்கு அனுப்பும் கருவி) பொருத்திய ஏவுகணைகளும் அளவோடுதான் கிடைக்கும். அவற்றை ஜாகுவாருக்குத் திருப்பினால் மிக்-29 வரிசையில் காத்துக் கிடக்கும்.

வாசகர்,
சூலூர்.